புது எஞ்சினைப் பழக்குவது எப்படி?



லயத்து வாசலில் ஒரு மோட்டார் சைக்கிளோ ஆட்டோவோ நிற்பது இப்போது அதிசயமான காட்சி அல்ல. இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட, டவுனில் வேலைக்குப் போக, ஹயருக்கு ஓடி நாலு காசு சம்பாதிக்க என்று வண்டி இன்று பல வீடுகளுக்குக் கை கொடுக்கிறது. அந்த வண்டி சும்மா வரவில்லை. சீட்டுப் பிடித்து, நகையை அடகு வைத்து, லீசிங் எடுத்து வாங்கியது அது. மழையிலும் பனியிலும் மலையில் நின்று போட்ட பேர் ஒவ்வொன்றும் அதற்குள் இருக்கிறது.

2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடையில் போன அந்த ஐந்து வருடமும் இருக்கிற வண்டியைத்தான் திருத்தித் திருத்தி ஓட வேண்டியிருந்தது. அதனால் புது வண்டி எடுத்தவர்களுக்கு மட்டுமல்ல, பழைய எஞ்சினைக் கழற்றிப் போர் பண்ணி, புது பிஸ்டன் போட்டவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். இரண்டு பேருக்கும் விஷயம் ஒன்றுதான். அந்த எஞ்சின் எத்தனை வருடம் உழைக்கும் என்பதில் முதல் 500 கிலோமீற்றருக்குப் பெரிய பங்கு உண்டு.

“ரன்னிங்-இன்” என்று கராஜில் சொல்வது இதைத்தான். “மெதுவா ஓட்டு தம்பி” என்று பாஸ் சொல்லி அனுப்புவார். ஏன் மெதுவாக, எவ்வளவு மெதுவாக என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்கள் குறைவு. மெதுவாக ஓட்டுவது மட்டும்தான் ரன்னிங்-இன் என்று நினைப்பதும் சரியல்ல. அதிகமாகப் பொத்திப் பொத்தி வைத்தாலும் எஞ்சின் கெடும். அது எப்படி என்று பார்ப்போம்.

உள்ளே நடப்பது என்ன?

எஞ்சினுக்குள் சிலிண்டர் என்று ஒரு குழாய் இருக்கிறது. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால், அந்த ஒரு நிமிடத்தில் பிஸ்டன் 4000 தரம் மேலே போய் 4000 தரம் கீழே வரும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விடுகிற இடைவெளி ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பங்கு போட்டால் அதில் சில பங்குதான். அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டு நிற்பவை பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள். மேலே உள்ள ரிங்குகள் பெற்றோல் எரிந்து வரும் அழுத்தம் கீழே கசியாமல் தடுக்கின்றன. கீழே உள்ள ரிங் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலை வழித்து இறக்குகிறது.

புதிதாகச் செய்த அல்லது புதிதாகப் போர் பண்ணிய சிலிண்டரின் சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்காது. உற்றுப் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் தெரியும். அது வேலைக் குறை இல்லை. வேண்டுமென்றே போடுகிற கீறல்கள் அவை.

நமது வீட்டு அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்து வழவழத்துப் போன அம்மியில் மிளகாய் அரைபடாது, வழுக்கும். ஆகவே உளியால் கொத்துகிறோம். கொத்திய பிறகு அம்மியில் சொரசொரப்பு வருகிறது. கூடவே கல் துகளும் வருகிறது. அதனால் முதலில் கொஞ்சம் அரிசியையோ தவிட்டையோ அரைத்துக் கழுவி ஊற்றிவிட்டுத்தான் சமையலுக்கு அரைக்கிறோம். முதல் அரைப்பைக் குழம்பில் போட்டால் பல்லில் கல் கடிபடும்.

சிலிண்டரிலும் அப்படித்தான். ரிங் ஓட ஓட, கீறல்களின் கூரான முனைகள் மட்டும் தேய்ந்து, ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. இதைத்தான் “ரிங் செட் ஆவது” என்கிறார்கள். கீறல்களின் பள்ளங்கள் அப்படியே இருந்து ஒயிலைப் பிடித்து வைக்கும். தேய்ந்து வந்த இரும்புத் தூள் ஒயிலோடு கலந்து கீழே இறங்கும். ஆகவேதான் முதல் ஒயிலை சீக்கிரமே மாற்றச் சொல்கிறார்கள். அது அம்மியின் முதல் அரைப்பு மாதிரி. எறிய வேண்டியதுதான்.

இரண்டு வகைத் தவறு

முதலாவது தவறு எல்லாருக்கும் தெரிந்தது. “புது வண்டிதானே மச்சான், இழுத்துப் பாரு!” என்று முழு அக்சிலேட்டரைத் திருகுவது. புதிய பாகங்கள் ஒன்றோடொன்று உரசும்போது வழமையை விட அதிகச் சூடு உண்டாகும். பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. பல வண்டிகளில் சிலிண்டரின் உட்சுவர் வார்ப்பிரும்பு. அதே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இருக்கிற சிறிய இடைவெளியும் போய்விட்டால் பிஸ்டன் சுவரைக் கவ்விக்கொள்ளும். அதைத்தான் “எஞ்சின் சீஸ் ஆகிட்டு” என்கிறோம். அப்புறம் மறுபடியும் கராஜ், மறுபடியும் செலவு.

இரண்டாவது தவறு பலருக்குத் தெரியாதது. வண்டியை வாசலில் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணி, அரை மணி நேரம், ஒரு மணி நேரம் சும்மா ஓட விடுவது. அல்லது ஒரே வேகத்தில், ஒரே கியரில், எறும்பு ஊர்வது போல நாள் கணக்கில் ஓட்டுவது. இது ஏன் தவறு? ரிங் தானாகச் சுவரோடு இறுகுவதில்லை. பெற்றோல் எரியும்போது உண்டாகும் அழுத்தம் ரிங்கின் பின்னால் புகுந்து அதை வெளிப்பக்கம் தள்ளுகிறது. சும்மா ஓடும் எஞ்சினில் அந்த அழுத்தம் மிகக் குறைவு. ரிங் பொருந்தாமலே சறுக்கும். ஒயில் சுவரில் கருகிப் படிந்து, சிலிண்டர் பளிங்கு போல ஆகிவிடும். கொத்தாத அம்மியின் கதைதான். அப்படி ஆனால் எஞ்சின் ஒயில் குடிக்கும், நீலப் புகை தள்ளும், இழுவை இருக்காது. சரி பண்ணுவதற்கு மறுபடியும் கழற்ற வேண்டும்.

ஆக, எஞ்சினுக்கு வேலையும் கொடுக்க வேண்டும், சூடு ஏறவும் விடக்கூடாது. இழுக்க விடுவது, பிறகு ஆற விடுவது. கவ்வாத்து வெட்டிய மலையை நாம் எப்படி நடத்துகிறோம்? புதுத் தளிர் வந்த உடனே முரட்டுத்தனமாகக் கொழுந்து எடுப்பதும் இல்லை, எடுக்காமல் காடாக விடுவதும் இல்லை. அந்த அளவும் பக்குவமும்தான் இங்கேயும் வேண்டும்.

எப்படி ஓட்டுவது?

முதலில் வண்டியோடு வரும் புத்தகத்தைப் பாருங்கள். அது எதைச் சொல்கிறதோ அதுவே சரி. ஹோண்டாவின் பல புத்தகங்கள் முதல் 500 கிலோமீற்றருக்கு முழு அக்சிலேட்டரில் புறப்படுவதையும், திடீரென வேகம் எடுப்பதையும், திடீர் பிரேக்கையும் தவிர்க்கச் சொல்கின்றன. யமஹாவின் பழைய புத்தகங்கள் சிலவற்றில் படிப்படியான கணக்கு இருக்கிறது: முதல் 150 கிலோமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு அக்சிலேட்டருக்கு மேல் நீண்ட நேரம் ஓட வேண்டாம், 500 வரை அரைப் பங்குக்கு மேல் வேண்டாம், 1000 வரை முக்கால் பங்குக்கு மேல் வேண்டாம். வேறு சில கம்பனிகள் ஒவ்வொரு கியருக்கும் இவ்வளவு வேகம் என்று அட்டவணையே கொடுக்கின்றன. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தால் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

புத்தகம் இல்லாத பழைய வண்டியென்றால் இப்படிச் செய்யலாம்:

காலையில் ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடம் போல விட்டு, பிறகு மெதுவாகப் புறப்படுங்கள். முதல் ஒன்றிரண்டு கிலோமீற்றர் இழுக்க வேண்டாம். நுவரெலியா, தலவாக்கலை பக்கத்துக் குளிரில் ஒயில் தடித்துப் போயிருக்கும். அது இளகி எல்லா இடமும் போக நேரம் வேண்டும். சோக் இழுத்திருந்தால் எஞ்சின் சூடேறியதும் மறக்காமல் தள்ளிவிடுங்கள். சோக்கோடு ஓடினால் எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

சூடேறிய பிறகு வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். கொஞ்சம் இழுத்து வேகம் எடுங்கள், பிறகு அக்சிலேட்டரை விட்டு, கியரிலேயே வேகம் குறைய விடுங்கள். விடும்போது ஒயில் ரிங் பக்கம் ஏறிக் குளிர்மை கொடுக்கும். 15, 20 கிலோமீற்றருக்கு ஒரு தரம் நிறுத்தி, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் ஆற விடுங்கள்.

மலைப் பாதையில் கவனம்

சமதரையில் ஓடுகிறவர்களுக்கு இல்லாத ஒரு கஷ்டம் நமக்கு உண்டு. கண்டியிலோ கம்பளையிலோ வண்டியை எடுத்தால், வீட்டுக்கு வரும் முதல் பயணமே மலை ஏற்றம்தான். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு வர ஏறக்குறைய 1400 மீற்றர் உயரம் ஏற வேண்டும். அதுவும் இறம்பொடை வளைவுகள் வழியாக. எஞ்சினின் முதல் நாளே அதற்கு மிகக் கஷ்டமான நாளாகிவிடுகிறது. பின்னால் ஒருவர், நடுவில் ஒரு பிள்ளை, கையில் ஒரு மூட்டை என்று வந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்த நாளில் ஓட்டுகிறவர் தனியாக வரட்டும். வீட்டுக்காரர்கள் பஸ்ஸில் வரலாம். புஸ்ஸல்லாவையில் ஒரு தரம், இறம்பொடையில் ஒரு தரம் நிறுத்தி ஆற விடுங்கள். ஏற்றத்தில் எஞ்சின் திணறினால் அக்சிலேட்டரைக் கூட்டாதீர்கள், கியரைக் குறையுங்கள். பெரிய கியரில் திக்கித் திணறி ஏறுவது, சின்ன கியரில் சற்றுச் சத்தமாக ஏறுவதைவிடக் கெடுதல்.

இறக்கத்தில் பெற்றோல் மிச்சம் பிடிப்பதற்காக நியூட்ரலில் போட்டு, எஞ்சினை நிறுத்தி உருட்டுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும், பிரேக்கும் சூடாகாது. பிரேக் புதுசாக இருந்தால் அது பழகும் வரை பிடிப்புக் குறைவாகவே இருக்கும். புது டயரும் முதல் நூறு கிலோமீற்றர் வரை வழுக்கும். மழை நாளில், கல் பெயர்ந்த தோட்டத்து ரோட்டில், இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லீசிங் தவணை நாள் காத்திருக்காது, ஹயரை விட முடியாது என்பது எங்களுக்கும் தெரிகிறது. ஆனால் முதல் இரண்டு வாரமாவது மரக்கறி மூட்டை, சீமெந்து, விறகு ஏற்ற வேண்டாம். ஆட்களை மட்டும், வண்டிக்கு உரிய எண்ணிக்கையில் ஏற்றுங்கள். இரண்டு வாரத்தில் விடுகிற ஹயர் காசு, மறுபடி எஞ்சின் கழற்றுகிற காசைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

எஞ்சின் இறுகினால்

ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென இழுவை குறைந்து, யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருந்தால், எஞ்சின் இறுகப் போகிறது என்று அர்த்தம். உடனே கிளச்சைப் பிடியுங்கள். பிடிக்காவிட்டால் பின் சக்கரமும் சேர்ந்து நின்று வண்டி சறுக்கும். கிளச்சைப் பிடித்தபடி ஓரமாக நிறுத்தி, எஞ்சினை நிறுத்துங்கள். மேலே தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் இருக்கும் இரும்பு வெடிக்கலாம். உடனே கிக்கரை மிதிக்கவும் வேண்டாம். தானாக ஆறட்டும். ஒயில் மட்டத்தைப் பாருங்கள். பிறகு வண்டியை ஏற்றிக்கொண்டு போய் பாஸிடம் காட்டுங்கள். புதிதாகப் போர் பண்ணிய வண்டியில் போகும்போது முதல் நாட்களில் இரண்டு விரல் கிளச்சின் மேலேயே இருக்கட்டும்.

ஒயில்

புது வண்டிக்கு முதல் சேவிஸ் பெரும்பாலும் 500 முதல் 1000 கிலோமீற்றருக்குள் வரும். “ஒயில் சுத்தமாத்தானே இருக்கு, பிறகு பார்ப்போம்” என்று தள்ளிப் போடாதீர்கள். இரும்புத் தூள் கண்ணுக்குத் தெரியாது. முதல் சேவிஸை விட்டால் கம்பனி உத்தரவாதமும் போய்விடக்கூடும். போர் பண்ணிய எஞ்சினுக்கு 100 கிலோமீற்றர் அளவில் ஒரு தரம், 500 அளவில் இன்னொரு தரம் மாற்றிவிடுவது நல்லது. 100, 125 சி.சி. வண்டிகளுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் ஒயில்தான் பிடிக்கும். எஞ்சினோடு பார்த்தால் அது சின்னச் செலவு.

புத்தகத்தில் சொன்ன தரத்து ஒயிலையே போடுங்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளச்சும் அதே ஒயிலில்தான் நனைந்து ஓடுகிறது. கார் ஒயில் சிலவற்றைப் போட்டால் கிளச் வழுக்கத் தொடங்கும். போத்தலில் மோட்டார் சைக்கிளுக்கு உரியது என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.

கழித்த ஒயிலைப் பீலிக்குப் பக்கத்திலோ ஓடையிலோ ஊற்ற வேண்டாம். கீழ் லயத்து மக்கள் குடிக்கிற தண்ணீர் அது. கராஜிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

போர் பண்ணக் கொடுக்கும்போது பாஸிடம் கேட்க வேண்டியவை

கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. நல்ல பாஸ் கோபிக்க மாட்டார்.

1. போர் பண்ணுவது 0.25, 0.50 மில்லிமீற்றர் என்று படிப்படியாகத்தான் போகும். இப்போது எந்த அளவு, இன்னும் எத்தனை தரம் பண்ணலாம் என்று கேட்டு எழுதி வையுங்கள். சில புதிய வண்டிகளின் சிலிண்டருக்குள் விசேஷ பூச்சு உண்டு. அதைப் போர் பண்ண முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

2. புது பிஸ்டனை முதலில் வாங்கி லேத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்த பிஸ்டனை அளந்து அதற்கேற்பத்தான் சிலிண்டரைக் கடைய வேண்டும்.

3. கடைந்த சிலிண்டரைச் சவர்க்காரமும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி அழுக்காகாத வரை சுத்தம் பண்ண வேண்டும். பெற்றோலால் மட்டும் கழுவினால் கல் தூள் போகாது.

4. எஞ்சின் ஏன் தேய்ந்தது என்று கேளுங்கள். எயார் பில்டர் கிழிந்து தூசி உள்ளே போனதா? ஒயில் மாற்றாமல் ஓடியதா? காரணத்தைத் திருத்தாமல் புது பிஸ்டன் போட்டால் அதுவும் சீக்கிரமே தேயும். நமது ரோட்டுத் தூசிக்கு எயார் பில்டர்தான் காவல்.

5. கழற்றிய பழைய பிஸ்டனையும் ரிங்கையும் கையில் வாங்குங்கள். பில்லும் வாங்குங்கள்.

6. சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு டெப்பட், நட் எல்லாம் மறுபடி பார்க்க எப்போது வர வேண்டும் என்று கேளுங்கள்.

புகை சொல்லும் சேதி

குளிர் காலையில் சைலன்சரில் கொஞ்ச நேரம் வெள்ளையாக ஆவி வந்தால் பயப்பட வேண்டாம், அது தண்ணீர் ஆவி. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. போர் பண்ணிய வண்டியில் முதல் சில நாள் லேசாக நீலப் புகை வரலாம். ஓட ஓடக் குறைய வேண்டும். 500 கிலோமீற்றர் தாண்டியும் குறையாவிட்டால் பாஸிடம் போங்கள். கறுப்புப் புகை என்றால் பெற்றோல் அதிகமாகப் போகிறது. காபுரேட்டரையோ எயார் பில்டரையோ பார்க்க வேண்டும். முதல் மாதம் ஒயில் மட்டத்தைத் தினமும் காலையில் பாருங்கள். குறைந்தால் எவ்வளவு குறைந்தது என்று எழுதுங்கள்.

வீட்டாரின் பங்கு

வண்டி ஓட்டுகிறவர் ஒருவர்தான். ஆனால் கடன் கட்டுவது முழுக் குடும்பமும். ஆகவே எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு.

புது வண்டிக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏற்றிய அன்றே “ஒரு ரவுண்டு தாடா” என்று கூட்டாளிமார் வருவார்கள். முதல் 500 கிலோமீற்றர் முடியும்வரை ஒருவர் மட்டும் ஓட்டட்டும். தம்பியால் மறுக்க முடியாவிட்டால், “அம்மா கொடுக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க” என்று சொல்லட்டும். அந்தப் பழியை அம்மா ஏற்றுக்கொள்ளலாம்.

வீட்டில் ஒரு பழைய கொப்பியை எடுத்து, திகதி, கிலோமீற்றர், ஒயில் மாற்றிய நாள், செலவான காசு என்று எழுதி வையுங்கள். படிக்கிற மகளோ மகனோ இதைச் செய்யலாம். வண்டியை விற்கிற நாளில்கூட அந்தக் கொப்பிக்கு மதிப்பு இருக்கும்.

சுருக்கமாக

சும்மா ஸ்டார்ட்டில் நிறுத்தி வைக்காதீர்கள்.
முழு அக்சிலேட்டர் திருகாதீர்கள்.
வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.
ஏற்றத்தில் கியரைக் குறையுங்கள். பாரம் ஏற்றாதீர்கள்.
இடைக்கிடை ஆற விடுங்கள்.
முதல் ஒயிலை நேரத்துக்கு மாற்றுங்கள்.
புறப்படும் முன் தலைக்கவசத்தைப் போட்டுப் பட்டியைக் கட்டுங்கள்.

முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். முதல் மாதம் பொறுமையாக இருந்தால் தவணை முடிந்த பிறகும் அந்த வண்டி நம் வாசலில் நின்று உழைக்கும். பக்கத்து லயத்தில் யாராவது புது வண்டி எடுத்திருந்தால், போர் பண்ணக் கொடுத்திருந்தால், இந்தப் பக்கத்தை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.